காலித் துப்பாக்கி ஆட்டம்

சனிக்கிழமை காலையில் எங்கள் ஆபீஸ் படியேறி வருகிறவர்கள் இரண்டு வகை. வழி தெரியாமல் வந்தவர்கள், வேறு வழி இல்லாமல் வந்தவர்கள். டயரம்மா இரண்டாவது வகை. மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்கு முன்பே, இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் ஆளைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. முடியாது என்று சொன்னால் போய்விடுவீர்களா என்று கேட்டாள். போக மாட்டேன் என்றார் டயரம்மா. சித்தி பெருமூச்சு விட்டு நோட்டை எடுத்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. இருபத்தாறு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரித்தவள். ஊரார் பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய் வேலையை விட்டாள். விட்டபின் வேறு எதுவும் தெரியாததால் சொந்தமாக அதே வேலையை ஆரம்பித்தாள். நான் அவளுக்கு உதவி. வயது முப்பத்து மூன்று, வக்கீல் படிப்பு பாதி, வாய் முழுசு. அதனால் வாயாடி என்று பெயர். சித்திக்கு முட்டி வலி, எனக்கு அவளை மாடி ஏற்றி இறக்கும் வலி. இதுதான் எங்கள் நிறுவனம்.

டயரம்மா ஊர் எல்லையில் பெயிண்ட்பால் மைதானம் நடத்துகிறவர். முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, காற்றுத் துப்பாக்கியால் ஒருவரை ஒருவர் பெயிண்ட் குண்டால் அடித்துக்கொள்ளும் விளையாட்டு. பட்டால் குண்டு உடைந்து சட்டை நிறம் மாறும், ஆள் அவுட். ஒளிந்துகொள்ள அறுநூறு பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்ததால் ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. கூட வந்த அவருடைய கணவர் மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வாசல் பக்கமே நின்றுகொண்டார். மைதானத்தில் ரெஃப்ரி அவர்தான். எல்லாருக்கும் விசில்காரர்.

விஷயம் இதுதான். இரண்டு மாதம் முன்பு ஒரு குண்டு வேலி தாண்டிப் போய் பஸ் கண்ணாடியில் உடைந்தது. டிரைவர் பிரேக் போட்டதில் நாலு பேருக்கு நெற்றியில் வீக்கம். நகர மன்றம் அறுபது நாள் தடை போட்டது. அந்தத் தடையை நிரந்தரமாக்குவதா, நீக்குவதா என்று இன்று நாலு மணிக்கு ஓட்டெடுப்பு. மொத்தம் ஒன்பது கவுன்சிலர்கள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஒன்பதாவது ஆள் ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். அந்த அம்மா போன வாரம் மைதானத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் வேலியை அளந்து, விதிகளைப் படித்து, வலையை மட்டும் உயர்த்திக் கட்டினால் என் ஓட்டு உங்களுக்கு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, பால் பாக்கெட் எடுக்க கேட்டைத் திறந்தவர் தோளில் ஒரு ஆரஞ்சுக் குண்டு வந்து விழுந்தது. தோள் கன்றிப் போனது. ஓட்டும் கையை விட்டுப் போன மாதிரிதான். மைதானம் இருப்பது நகராட்சி நிலம். தடை நிரந்தரமானால் குத்தகை ரத்து.

"பதினோரு வருஷம் ஆச்சுங்க" என்றார் டயரம்மா. "இது போச்சுன்னா, காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னே எனக்குத் தெரியாது."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், அழாதவர்களுக்கு என்ன கொடுப்பது என்று எனக்கு இதுவரை தெரிந்ததில்லை.

சித்தி இரண்டு கேள்விதான் கேட்டாள். குண்டு எங்கிருந்து வந்தது? தடை போட்ட அன்றே குண்டு இருந்த அறைக்கு நகராட்சி ஆட்கள் சீல் வைத்துவிட்டார்கள், சீல் அப்படியே இருக்கிறது. யார் மேல் சந்தேகம்? டயரம்மா தயங்கினார். ஊரே சொல்வது பல் டாக்டரை. மைதானத்து டீமின் கேப்டன். போன மாதக் கூட்டத்தில், ஒரு தடவை மேலே பட்டுப் பார்த்தால்தான் உங்களுக்கெல்லாம் இது எவ்வளவு சின்ன விஷயம் என்று புரியும் என்று கவுன்சிலர்களிடம் கத்தியவர். வாய்க்கொழுப்பு எப்போதும் வட்டியோடு திரும்பி வரும், என்னைக் கேளுங்கள்.

"டாக்டர் செஞ்சிருக்க மாட்டார்" என்று வாசலிலிருந்து மெதுவாகச் சொன்னார் விசில்காரர். அதுவரை அவருக்குக் குரல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

சித்தி முதலில் போலீஸ் எழுதிய வாக்குமூலத்தின் நகலைப் படித்தாள். சம்பவத்தைப் பார்த்த ஒரே ஆள் பேப்பர் போடுகிறவர். 'மாஸ்க் அணிந்த நபர் சுட்டார். பின் கைகளை உயர்த்திக் கும்பிட்டார். பின் ஓடினார்.' நாலு தடவை படித்தாள்.

"சுட்டுட்டு எவனாவது கும்பிடுவானாடி?"

"பழைய மாணவனா இருப்பான் சித்தி. ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தைப் பார்த்ததும் கை தானா மேல போயிருக்கும்."

"வாடி, அந்த ஆளைப் பார்ப்போம்" என்றாள்.

பேப்பர்காரர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், விற்காத பேப்பர் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதற்குக் கோபப்படவில்லை. காலை மூன்று மணிக்கு எழுகிற ஆட்களுக்குக் கோபப்படவும் தெம்பு இருக்காது. கும்பிட்டான் என்று நான் சொல்லவே இல்லை என்றார். கையைத் தூக்கினான் என்றுதான் சொன்னாராம். எழுதிய போலீஸ்காரருக்கு டீ ஆறிக்கொண்டிருந்ததால் கும்பிட்டான் என்று முடித்துவிட்டார்.

பார்த்ததை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நின்றிருந்த லாரிக்குப் பின்னால் ஆள். ஒரே ஒரு குண்டு. அந்த அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சுட்டவன் துப்பாக்கியைக் கீழே விட்டுவிட்டு, நடுத்தெருவுக்கே வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா எழுந்து நிற்கிற வரைக்கும் நின்றான். அப்புறம்தான் தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி திடுக்கிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"அதுதாங்க எனக்குப் புரியல" என்றார். "ஓட வேண்டிய நேரத்துல நின்னான்."

சித்தி அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், ஒரு ஆள் பயத்தில் செய்வது அவன் வீட்டில் செய்வது, இல்லாவிட்டால் வேலையில் செய்வது என்று தனக்குத்தானே சொன்னாள். அப்படிப் பார்த்தால் பயத்தில் நான் பேசத்தான் செய்வேன் என்றேன். அதற்குப் பயம் வேண்டியதில்லை என்றாள்.

மைதானத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தடைதானே என்று நான் வாயைத் திறப்பதற்குள் டயரம்மா விளக்கினார். தடை சுடுவதற்குத்தான், ஓடுவதற்கு இல்லை. தடை வந்த முதல் வாரம் எல்லாரும் மனு எழுதினார்கள். முந்நூறு கையெழுத்து, அதில் பாதி ஒரே பேனா, ஒரே கை. இரண்டாம் வாரம் சிலர் பக்கத்து ஊர் மைதானத்துக்குப் போய், போக வர அஞ்சு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு, இதற்குக் குண்டடியே தேவலை என்று திரும்பினார்கள். மூன்றாம் வாரம் யாரோ ஒரு மூடிய கோடவுனில் திருட்டுத்தனமாக ஆடிப் பார்த்தார்கள். தலைமுதல் கால்வரை ஆரஞ்சாக வெளியே வந்தவர்களைப் பிடிக்கப் போலீஸுக்குத் துப்பறிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதற்கப்புறம்தான் இந்தக் காலித் துப்பாக்கி ஆட்டம்.

துப்பாக்கியில் குண்டும் இல்லை, காற்றும் இல்லை. குறி பார்த்து, எதிரியின் முதுகில் இருக்கும் எண்ணைக் கத்த வேண்டும். பட்டிருக்குமா இல்லையா என்று விசில்காரர் தீர்ப்புச் சொல்வார். ஒரு நர்ஸ், ஒரு லைப்ரரியன், ஒரு லாரி டிரைவர், தலை நரைத்த பல் டாக்டர் எல்லாரும் மண்ணில் தவழ்ந்துகொண்டு 'டப், ஏழு', 'டப், மூணு' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சிரிக்கத்தான் தோன்றியது. ரெண்டு நிமிடம் பார்த்தபின் தோன்றவில்லை. உப்பில்லாப் பண்டம் என்று தெரிந்தே தினமும் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

பல் டாக்டர் தானாகவே எங்களிடம் வந்தார். புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தாராம். சாட்சி மனைவி. மனைவியின் ஒரே ஆதாரம் குறட்டை. இதைக் கோர்ட் ஏற்குமா என்று தெரியாது, நான் ஏற்றேன். கூட்டத்தில் கத்தியதற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்து, வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது, ஒரு ஆட்டம் உள்ளே வாருங்கள் என்றார். சித்தி முட்டியைக் காட்டிவிட்டு என்னைக் காட்டினாள். சித்தப்பா இருந்தவரை அவரைத்தான் இப்படி முன்னால் தள்ளிவிடுவாள்.

மாஸ்க், எண் போட்ட பனியன், ஐந்து கிலோ கனமாகத் தோன்றிய ஒரு காலித் துப்பாக்கி. டயர் அடுக்குக்குப் பின்னால் மண்டியிட்டேன். எதிரே லைப்ரரியன் எழுந்து 'டப், ஒண்ணு' என்று கத்தினாள். விசில்காரர் தலையாட்டினார். பல் டாக்டர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கையை உயர்த்திக்கொண்டு வெளியே நடந்தார். அடிபட்டவர் ஒரு கையை உயர்த்த வேண்டும், அதுதான் விதி. சித்தி வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்க்குக்குள் வேர்த்துக் கொட்டியது. கண்ணாடியில் ஆவி படிந்து உலகமே தெரியவில்லை. துடைத்துக்கொள்ளலாம் என்று மாஸ்க்கைக் கழற்றினேன்.

விசில் நீளமாக ஒலித்தது. எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். எல்லாத் துப்பாக்கியும் தரையைப் பார்த்தது. விசில்காரர் மைதானத்தின் நடுவில், என்னை நேராகப் பார்த்தபடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார்.

நர்ஸ் ஓடி வந்து என் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி மாட்டி, அறிவிருக்கா என்று திட்டினாள். துப்பாக்கியில்தான் குண்டே இல்லையே என்றேன்.

"வெறும் முகம் தெரிஞ்சா ஆட்டம் நிக்கணும்" என்றாள். "குண்டு இருக்கா இல்லையான்னு ரெஃப்ரி கை யோசிச்சுக்கிட்டு இருக்காது."

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்ற டயரம்மா, பாத்தீங்களா, எங்க ஆளு எவ்வளவு கவனம்னு, என்று பெருமையாக அவளிடம் சொல்வது எனக்குக் கேட்டது. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கிணறு வெட்டச் சொன்னவர் வீட்டிலேயே அது பதினோரு வருடமாக விசில் ஊதிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் சாமான் அறையில் விசில்காரர் வாளித் தண்ணீரில் மாஸ்க்குகளை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தார். அலமாரியில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, அதில் மண் ஒட்டிய ஆரஞ்சுக் குண்டுகள். உடையாமல் தரையில் கிடப்பவற்றை ஆட்டம் முடிந்ததும் பொறுக்கி வைப்பது அவர் வேலை. ஊறி உப்பிப் போயிருப்பதால் யாரும் திரும்பப் பயன்படுத்த மாட்டார்கள். குப்பைக்கு யார் சீல் வைப்பார்கள்? சித்தி ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜாடியைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"கேட்டுல இருக்கற போர்டைத்தான் குறி வெச்சேன்" என்றார் அவராகவே. "பழைய குண்டு நேராப் போகாது. ஊருக்கே நான்தான் சொல்லிக் குடுப்பேன். அந்தம்மா அந்த நேரத்துல கதவைத் திறப்பாங்கன்னு நெனக்கல. வெறும் முகம். கை தானாப் போயிடுச்சு."

ஏன் என்று சித்தி கேட்டாள். அவர் கையிலிருந்த மாஸ்க்கைத் திருப்பித் திருப்பி அலசினார். தடை போட்ட அன்று மைதானத்தில் எல்லாரும் இடிந்து போய் உட்கார்ந்திருந்தார்களாம். இவர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சிரித்தாராம். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகச் சனிக்கிழமை காலை எட்டு மணி வரை படுத்துக் கிடந்தாராம். அதிலிருந்து தினமும் நல்ல தூக்கம். அந்த அம்மா வந்து வேலியை அளந்துவிட்டு ஓட்டு உங்களுக்குத்தான் என்று சொன்ன ராத்திரி தூக்கம் போய்விட்டது. கேட்டில் பெயிண்ட் பட்டால் அவர் மனசு மாறிவிடும் என்று நினைத்தார்.

"உங்க வீட்டுக்காரம்மாகிட்ட முடியலன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அவ சந்தோஷமா இருக்கற ஒரே இடம் இதுதாம்மா. இதை நிறுத்தினவன் நானா இருக்கக் கூடாது. கவுன்சில் நிறுத்தினதா இருக்கட்டும்னு நெனச்சேன்."

சித்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எங்களைக் கூப்பிட்டது உங்கள் மனைவி, நாலு மணிக்கு அவரிடம் நான் பதில் சொல்லியாக வேண்டும் என்றாள். அதற்குள் நீங்களே சொல்லிவிட்டால் எனக்கு ஒரு வேலை மிச்சம். அவள் பிடித்த திருடர்கள் யாரிடமும் இவ்வளவு தணிவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு நகர மன்றக் கூடத்தில் மின்விசிறி சத்தம்தான் பெரிதாக இருந்தது. விளையாடுகிறவர்கள் எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் தோளில் கட்டோடு மேடையில் இருந்தார். டயரம்மா சித்தியிடம் திரும்பி, ஆள் கிடைத்தானா என்று கண்ணால் கேட்டார். கூட்டத் தலைவர், பொதுமக்களில் யாராவது பேச வேண்டுமா என்றார். விசில்காரர் எழுந்தார். தங்கள் பக்கம் பேசத்தான் எழுகிறார் என்று நினைத்து, டயரம்மா அவர் சட்டைக் காலரை நேராக்கிவிட்டார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஜாடி, லாரி, தோள், தூக்கம், பாத்ரூமில் சிரித்தது வரை ஒன்றுவிடாமல். குரல் உயரவே இல்லை. டயரம்மாவின் கை, காலரை நேராக்கிய இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் மடிக்கு வந்தது.

"தனியாச் சொல்லச் சொன்னா, ஊரைக் கூட்டிச் சொல்றார் மனுஷன்" என்று முணுமுணுத்தாள் சித்தி.

"தனியாச் சொல்றதுக்குத்தான் தைரியம் வேணும் சித்தி."

ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். புகார் எதுவும் கொடுக்கப் போவதில்லை என்றார். பிறகு தலைவரிடம் திரும்பி, தடை இல்லாத பதினோரு வருடம் தன் மேல் ஒரு துளி பெயிண்ட் பட்டதில்லை, பட்டது தடைக்காலத்தில்தான், அதுவும் தடை வேண்டும் என்ற ஆளிடமிருந்து என்றார். ஓட்டு அஞ்சுக்கு நாலு. தடை நீக்கம். நிபந்தனை இரண்டு. வலை இருபது அடிக்கு உயர வேண்டும். விசில்காரர் இனி அந்த மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. பின்வரிசையில் ஒருவரும் கை தட்டவில்லை. லைப்ரரியன் மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

நாங்கள் படி இறங்கி வரும்போது விசில்காரர் தெருவோரம் தன் வேன் பக்கத்தில் நின்றிருந்தார். டயரம்மா உத்தரவுக் காகிதத்தோடு அவரிடம் போனார். அறைவார் என்று நினைத்தேன். பல் டாக்டர் மற்றவர்களை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார். எங்களுக்கு நகரத் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் நாகரிகம் கொஞ்சம் குறைவுதான்.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டார் டயரம்மா.

"மூணு இருக்கும்."

"மூணு வருஷமா நான் எழுப்பறப்பல்லாம், இதோ வந்துட்டேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"நான் நம்பிட்டேனே" என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் விசில்காரர் தாங்கியிருப்பார். டயரம்மா தன்னையே குற்றம் சொல்வது போலச் சொன்னார். அப்புறம் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, பின்னால் காத்திருந்த லாரி டிரைவரிடம் வலைக்கு எத்தனை கம்பம் வேண்டும் என்று கேட்டபடி நடந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது, இன்றைக்கே அளந்துவிடலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

விசில்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். கேட்டது அப்படியே கிடைத்த ஒரு மனிதனை நான் அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். பார்க்க முடியவில்லை. சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவர், நடந்து போகும் மனைவியின் முதுகைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாக, நீ எப்ப வருவே என்று கேட்டார்.

டயரம்மா திரும்பவில்லை.

"தெரியல. நீங்க படுத்துத் தூங்குங்க."